நாலும் ஒண்ணா மின்னுது

பைக்கின் இண்டிகேட்டர் சுவிட்சை இடது பக்கம் தள்ளினேன். நாலு இண்டிகேட்டரும் மின்னின. வலது பக்கம் தள்ளினேன். அப்போதும் நாலும் மின்னின. மூன்று வாரமாக இதே கதைதான்.

"என்ன இது, கிறிஸ்துமஸ் மரமா?"

ஷெட் வாசலில் என் மனைவி லியோனி நின்றுகொண்டிருந்தாள். பள்ளிப் பேருந்தை டிப்போவில் விட்டுவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். வேலைச் சட்டையைக்கூட மாற்றவில்லை.

"சரியாயிடும்."

"போன புதன்கிழமையும் இதத்தான் சொன்ன."

"விளக்க மின்ன வைக்கிற ரிலேய புதுசா போட்டிருக்கேன். அது கொஞ்சம் செட் ஆகணும்."

"செட் ஆகுறதுக்கு அது என்ன ஜெல்லியா? ஃப்ரிட்ஜ்ல வேணா வச்சுப் பாரேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. லியோனியின் பைக் டேங்க் தரையில் கிடந்தது. சீட் சுவரில் சாய்ந்திருந்தது. பழைய மட்கார்டு ஒரு பக்கம் உருகிக் கிடந்தது. அதுவும் என் வேலைதான். புது எல்.இ.டி. விளக்குகள் வேகவேகமாக மின்னுகின்றன என்று, வேகத்தைக் குறைக்க ரெசிஸ்டர்களை வாங்கி மட்கார்டுக்கு அடியில் கட்டினேன். அவை இவ்வளவு சூடாகும் என்று அட்டையில் போட்டிருந்தான், நான்தான் படிக்கவில்லை.

லியோனி உள்ளே வந்து ஒரு பெயின்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்தாள். உட்காரும்போது வலது தோளை ஒரு பக்கமாகச் சாய்த்துத்தான் உட்கார்ந்தாள். காரை எலும்பு உடைந்து பதினொரு மாதம் ஆகிவிட்டது. ஒட்டிவிட்டது என்கிறார் டாக்டர். தோளுக்கு அது இன்னும் தெரியவில்லை.

"ஞாயித்துக்கிழமை ஜனீன் ரைடு போறா" என்றாள். ஜனீன்தான் எங்கள் பைக் கூட்டத்தின் தலைவி. "குளிர் முடிஞ்சு வசந்தத்துல மொத ரைடு. ஒம்போது மணிக்கு பெட்ரோல் பங்க்ல எல்லாரும் நிக்கணும். நான் வரேன்னு சொல்லிட்டேன்."

"சரி."

"அன்னைக்கே பத்து மணிக்கு மோர்வெல் ஊர்லேர்ந்து ஒருத்தர் வராரு. பைக் பாக்க."

நான் திருப்புளியைக் கீழே வைத்தேன். "எந்த பைக்?"

"இந்த பைக்தான். ஒம்போது மணிக்கு இது ஓடுச்சுன்னா நான் ரோட்டுல இருப்பேன், அவர் வீணா வந்துட்டுப் போவாரு. ஓடலன்னா அவருக்கே வித்துடுவேன்."

"ஏன் இப்பிடி அவசரப்படுற? இன்னும் ஒரு வாரம் கொடேன்."

"நாளாக ஆக பயந்துட்டே போறேன், கிரேம். மே மாசம் இவ்வளவு பயம் இல்ல. இந்த ஞாயிறு போகலன்னா இனிமே போகமாட்டேன். என்னப் பத்தி எனக்குத் தெரியும்."

எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் மறுபடி சுவிட்சைத் தள்ளினேன். நாலும் மின்னின.

அந்த விபத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் கூட்டத்தில் முனை நிற்பது என்று ஒரு வழக்கம் உண்டு. முன்னால் போகிறவர் ஒரு திருப்பம் வந்ததும் தனக்கு அடுத்து வருகிறவருக்குக் கை காட்டுவார். அவர் அந்த முனையில் ஓரமாக வண்டியை நிறுத்தி, எந்தப் பக்கம் திரும்ப வேண்டுமோ அந்தப் பக்க இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு நிற்க வேண்டும். பின்னால் வருகிறவர்கள் அதைப் பார்த்துத் திரும்புவார்கள். கடைசி வண்டி வரும்வரை அவர் நகரக் கூடாது. இருபது பேர் போனாலும் யாரும் வழி தவற மாட்டார்கள்.

போன அக்டோபரில் தோர்ப்டேல் ஊருக்கு முன்னால் ஒரு முனையில் லியோனி நின்றிருக்கிறாள். இடது இண்டிகேட்டர் பத்து நிமிடம் மின்னியிருக்கிறது. கடைசி வண்டி வந்தது. இவளும் கிளம்பினாள். இண்டிகேட்டரை அணைக்கவில்லை. அரை கிலோமீட்டர் அப்படியே போயிருக்கிறாள். இடது பக்கம் ஒரு பண்ணைச் சாலையிலிருந்து யூட் என்கிற சின்னச் சரக்கு வண்டி ஒன்று வெளியே வரக் காத்திருந்தது. அதை ஓட்டியவன் இவள் இடது பக்கம் மின்னிக்கொண்டு வருவதைப் பார்த்து, தன் சாலைக்குள்தான் திரும்பப் போகிறாள் என்று நினைத்து வெளியே வந்துவிட்டான். நல்ல மனிதன். ஆம்புலன்ஸ் வரும்வரை சாலையில் மண்டியிட்டு இவள் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தானாம்.

ஏன் அணைக்கவில்லை? இந்தப் பழைய 250 சி.சி. வண்டியில் வலதுக்கும் இடதுக்கும் சேர்த்து மீட்டர் பக்கத்தில் ஒரே ஒரு பச்சை விளக்குதான். அதன் மூடி வெயிலில் வெளுத்துப் பால் மாதிரி ஆகிவிட்டது. பகலில் எரிகிறதா இல்லையா என்று தெரியாது. பேருந்திலாவது டிக் டிக் என்று சத்தம் வரும். ஹெல்மெட்டுக்குள் எதுவும் கேட்காது.

விபத்துக்கு முன்னால் லியோனி இதை என்னிடம் இரண்டு தடவை சொல்லியிருந்தாள். வார இறுதியில் பார்க்கிறேன் என்றேன். பார்க்கவில்லை. அவள் ஆஸ்பத்திரியில் இருந்தபோதும் இதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

வண்டியை மட்டும் சரி செய்துகொண்டே இருந்தேன். ஹேண்டில்பார், ஃபோர்க், இடது பக்க பெடல், எல்லாம் மாற்றினேன். உடைந்த இண்டிகேட்டர்களுக்குப் பதிலாக எல்.இ.டி. வாங்கி மாட்டினேன். பழையதைவிட மூன்று மடங்கு வெளிச்சம். அதில்தான் இந்த வம்பு தொடங்கியது.

வியாழக்கிழமை மத்தியானம் முழுக்க வயரிங்கைப் பிரித்தேன். பால் தொழிற்சாலையில் எனக்குக் காலை ஷிப்ட், இரண்டு மணிக்கு விட்டுவிடுவார்கள். வேலையிலும் நிலைகொள்ளவில்லை. ஃபோர்க்லிஃப்டில் இரண்டு தடவை தப்பான வரிசையில் சரக்கை வைத்தேன். வீட்டுக்கு வந்ததும் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் ஷெட்டுக்குப் போனேன். எர்த் வயரைச் சுரண்டினேன். சுவிட்சைத் திறந்து துடைத்தேன். எங்கேயாவது இரண்டு வயர் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று ஒவ்வொரு அங்குலமாகத் தடவினேன். எல்லாம் சரியாக இருந்தது. நாலும் மின்னின. எழுந்து தோட்டத்தைச் சுற்றி வந்தேன். மறுபடி உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வேறு வழி தெரியாமல் மீட்டரைக் கழற்றினேன். மீட்டரைப் பிடித்து இழுத்தபோது அந்தப் பச்சை விளக்கின் பல்பு வயரோடு வெளியே வந்து, சாக்கெட்டிலிருந்து கழன்று என் கையில் விழுந்தது. சும்மா சுவிட்சைத் தள்ளிப் பார்த்தேன்.

இடது பக்கம் மட்டும் மின்னியது.

வலது பக்கம் தள்ளினேன். வலது மட்டும்.

பல்பைத் திரும்பச் சொருகினேன். நாலும். எடுத்தேன். ஒரு பக்கம். ஐந்தாறு தடவை இப்படியே செய்தேன். பிறகுதான் மண்டையில் ஏறியது. அந்த ஒரே பல்பு இடது வயருக்கும் வலது வயருக்கும் நடுவில் பாலம் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. இடது பக்கம் மின்சாரம் போனால் கொஞ்சம் அந்தப் பாலத்தின் வழியே வலது பக்கமும் போகும். பழைய குண்டு பல்புகளுக்கு அந்தக் கொஞ்சம் போதாது, எரியாது. எல்.இ.டி.க்கு அதுவே தாராளம். மூன்று வாரமாக வண்டியின் பின்பக்கத்தைப் பிரித்துக்கொண்டிருந்தேன். கோளாறு என் மூக்குக்கு முன்னால், அதே வெளுத்த விளக்கில்.

இரண்டு டயோடு போட்டால் முடிந்தது. போகிற மின்சாரம் திரும்பி வராமல் தடுக்கிற சின்னச் சாமான். அரை மணி நேர வேலை.

நான் குதித்திருக்க வேண்டும். குதிக்கவில்லை. கையில் அந்தப் பல்பை வைத்துக்கொண்டு நின்றேன். இது சரியானால் ஞாயிற்றுக்கிழமை அவள் போவாள். சரியாகாவிட்டால் மோர்வெல்காரர் வந்து வண்டியை ஏற்றிக்கொண்டு போய்விடுவார். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் விபத்து என்று போன் வருமோ என்று நான் காத்திருக்க வேண்டாம்.

பல்பைத் திரும்பச் சொருகினேன். மீட்டரை மாட்டினேன்.

நாலரை மணிக்கு லியோனி வந்தாள். "என்ன ஆச்சு?"

"இன்னும் ஆகல."

"எங்க கோளாறுன்னு தெரிஞ்சுதா?"

"தெரியல."

அவள் கொஞ்ச நேரம் வண்டியைப் பார்த்தாள். பிறகு, "சரி, சாப்பிட வா. மட்டன் சாப்ஸ்" என்றாள். என்னால் ஒன்றுக்கு மேல் சாப்பிட முடியவில்லை.

அன்று சாயங்காலம் ஜனீன் போன் செய்தாள். அவள் குரல் ஸ்பீக்கர் போடாமலே ஷெட் முழுக்கக் கேட்கும்.

"யோவ் கிரேம், அந்த வண்டி ஓடுமா ஓடாதா? ஒரு இண்டிகேட்டர் மாட்ட மூணு வாரமா? நான் மூணு வாரத்துல ஒரு வீட்டையே கட்டியிருப்பேன்."

"பாத்துட்டுதான் இருக்கேன், ஜனீன்."

"பாத்துட்டே இரு. கண்ணாலயே சரி பண்ணிடு. சரி, விஷயத்துக்கு வரேன். நீ கடைசி வண்டியா வா. மொத முனைய லியோனிக்குத்தான் கொடுக்கப் போறேன்."

"என்னது? அவளுக்கு ஏன்? வேற யாருக்காச்சும் கொடு."

"அவதான் கேட்டா."

போனை வைத்துவிட்டேன். தோட்டத்தில், வசந்தம் வந்தாலே ஆட்களைக் கொத்த வரும் மேக்பை பறவை ஒன்று பக்கத்து வீட்டுக்காரரைத் துரத்திக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன்.

சனிக்கிழமை காலை துணி காயப்போட வெளியே வந்தேன். பதினொன்று ஆகிவிட்டது, நல்ல வெயில். ஷெட் கதவு திறந்து, வெயில் உள்ளே வரை விழுந்தது. லியோனி சீட்டை எடுத்து மாட்டி பைக்கின் மேல் உட்கார்ந்திருந்தாள். ஹெல்மெட்டும் போட்டிருந்தாள். பறவை கொத்தாமல் இருக்க உச்சியில் கட்டிய பிளாஸ்டிக் முட்கள் அப்படியே இருந்தன. முகத்தில் சிரிப்பு இல்லை.

இடது பக்கம் தள்ளினாள். நாலும் மின்னின. ஐந்து வரை எண்ணினாள். கட்டைவிரலால் அழுத்தி அணைத்தாள். "அணை" என்று சத்தமாகச் சொன்னாள். மறுபடி போட்டாள். மறுபடி அணைத்தாள். ஒவ்வொரு தடவையும் குனிந்து, வெயிலை மறைக்க இடது உள்ளங்கையை அந்தப் பச்சை விளக்கின் மேல் குடை மாதிரி பிடித்து, உற்றுப் பார்த்தாள்.

நனைந்த துணியோடு அப்படியே உள்ளே போனேன்.

"என்ன பாக்குற?" என்றேன்.

"எரியுதான்னு. தெரியல. கைய வச்சு மறைச்சாதான் தெரியுது. ஓட்டும்போது கைய எடுக்க முடியாதே."

"லியோனி, கோளாறு என்னன்னு கண்டுபிடிச்சுட்டேன்."

"எப்ப?"

"நேத்து."

அவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். "நேத்து எத்தன மணிக்கு?"

"மூணு மணிக்கு."

"நாலரைக்குக் கேட்டேன். தெரியலன்னு சொன்ன."

"ஆமா. சொன்னேன்."

"மோர்வெல்காரர் வந்து எடுத்துட்டுப் போகட்டும்னு."

"ஆமா."

துணியிலிருந்து தண்ணீர் பூட்ஸில் சொட்டியது.

"இன்னொண்ணும் இருக்கு" என்றேன். "இந்த விளக்கு வெயில்ல தெரியலன்னு நீ ரெண்டு தடவ சொன்ன. அதுக்கு முன்னாடி. நான் பாக்கல."

"மூணு தடவ."

"ரெண்டு."

"மூணு. மூணாவது தடவ நீ டிவில ஃபுட்டி மேட்ச் ஃபைனல் பாத்துட்டு இருந்த. 'ம்'னு சொன்ன."

"எனக்கு ஞாபகமே இல்ல."

"அதான் தெரியுமே." அவள் ஹெல்மெட்டை மடியில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தாள். "இங்க பாரு. விளக்க மாத்தாதது உன் தப்பு. அணைக்காம போனது என் தப்பு. அந்த ரெண்டையும் நான் ஆஸ்பத்திரிலயே பிரிச்சு வச்சுட்டேன். நீ எப்ப வாயத் தொறப்பன்னுதான் பாத்துட்டு இருந்தேன். ஆனா நேத்து சொன்ன பாரு பொய்யி, அது புதுசு. அத எங்க வைக்கிறதுன்னு எனக்குத் தெரியல."

"நான் பயந்துட்டேன்."

"நான் மட்டும்? என் பயத்த நான் பாத்துக்கறேன். உன் பயத்தையும் சேத்து என் வண்டில ஏத்தாத."

நான் தலையாட்டினேன். வேறு என்ன செய்வது?

"சாமான் என்ன வேணும்?" என்றாள்.

"ரெண்டு டயோடு. அப்புறம் வெயில்ல தெரியற மாதிரி ஒரு விளக்கு."

"கடை எத்தன மணிக்கு மூடுவான்?"

"பன்னெண்டு."

"மணி பதினொண்ணு இருபது. துணியப் பிடிச்சுட்டு என்ன நிக்கிற? போ!"

வாரகல் ஊரில் பைக் சாமான் கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது கடைக்காரன் ஹெமி கதவைப் பாதி சாத்தியிருந்தான். ஹெமி நியூசிலாந்துக்காரன், அங்குள்ள மாவோரி இனம். ஆறடிக்கு மேல் உயரம், கவுண்டருக்குப் பின்னால் நின்றால் அலமாரி தெரியாது.

"ரெண்டு டயோடு மட்டும் போதுமா ப்ரோ?" என்றான். "மூணு வாரத்துல ரெண்டு ரிலே, நாலு ரெசிஸ்டர், ஒரு மட்கார்டு வாங்கியிருக்க. இன்னைக்கு ரெண்டு டயோடு. உடம்பு சரியில்லையா?"

"கோளாறு மீட்டர் விளக்குல."

"வலது இடதுக்கு ஒரே பல்பா? அட, அத நான் மொத நாளே கேட்டேனே!"

"நீ கேக்கல."

"கேட்டேன் ப்ரோ. 'மீட்டர்ல ஒரு பல்பா ரெண்டு பல்பா'ன்னேன். நீ 'பல்பெல்லாம் எனக்குத் தெரியும், ரிலேய எடு'ன்ன. சரி, பெரிய மனுஷன் சொல்றாரேன்னு எடுத்துக் கொடுத்தேன்."

யோசித்துப் பார்த்தேன். கேட்டுத்தான் இருப்பான்.

பச்சை விளக்கு ஒன்று கேட்டேன். ஒரு பட்டாணி அளவில் எடுத்து வைத்தான். இதைவிடப் பெரியது என்றேன். கோலிக்குண்டு அளவில் ஒன்று எடுத்தான். "இது லாரிக்குப் போடறது. கண்ணு கூசும். யாருக்கு?"

"லியோனிக்கு."

அவன் கேலியை நிறுத்திவிட்டான். டிராயரில் தேடி, வெயில் படாமல் இருக்க விளக்கின் மேல் மாட்டுகிற சின்னக் கறுப்பு மூடி ஒன்றையும் எடுத்துப் பையில் போட்டான்.

மத்தியானம் டயோடுகளைப் பற்றவைத்தேன். இரண்டு வயரும் தனித்தனியாக விளக்குக்கு வரும், ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போக முடியாது. விளக்கின் இன்னொரு முனையை எர்த்தில் சேர்த்தேன். லியோனி பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தாள். "இன்னும் கிட்ட காட்டவா?" என்று ஒரு தடவை கேட்டாள்.

டேங்கையும் மாட்டி, வண்டியை வெயிலில் தள்ளி நிறுத்தினோம். இடது. இடது மட்டும். வலது. வலது மட்டும். பச்சை விளக்கு பத்தடி தள்ளி நின்ற எனக்கே தெரிந்தது.

"இது என்ன, ரயில்வே சிக்னலா?" என்றாள்.

"நீ மூணு தடவ சொன்னல்ல."

அதற்கு அவள் சிரிக்கவில்லை. ஆனால் சாவியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்குப் பதினான்கு வண்டிகள். நான் கடைசி. முதல் முனை போன வருடத்து அதே முனைதான், ஜனீன் சாலையை மாற்றவில்லை. மாற்ற வேண்டாம் என்று யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. வளைவைத் தாண்டி வந்தபோது தூரத்திலேயே தெரிந்தது, புல் ஓரத்தில் அவள் வண்டி, இடது பக்கம் ஆரஞ்சு வெளிச்சம் மின்னிக்கொண்டு. என்னைப் பார்த்ததும் தலையை ஆட்டினாள். நான் வேகத்தைக் குறைத்து வழி விட்டேன். அவள் கிளம்பித் திரும்பினாள்.

இண்டிகேட்டர் மின்னியது. எண்ண ஆரம்பித்தேன். நாலு. ஐந்து. உருளைக்கிழங்கு வயல்களுக்கு நடுவில் சாலை நேராகப் போனது. எட்டு. ஒன்பது. முன்னால் இடது பக்கம் அந்தப் பண்ணைச் சாலை தெரிந்தது. அதன் வாயில் டிராக்டர் ஒன்று நின்றது. பதினொன்று. என் கட்டைவிரல் ஹார்ன் மேல் இருந்தது. ஹெல்மெட்டுக்குள் என் மூச்சுச் சத்தம் மட்டும். பன்னிரண்டு. அழுத்தவா? பதின்மூன்று. உன் பயத்தை என் வண்டியில் ஏற்றாதே என்று சொன்னாள். பதினாலு.

அணைந்தது.

டிராக்டர் நகரவில்லை. அவள் அதைத் தாண்டிப் போனாள். டிராக்டர்காரர் கையைத் தூக்கினார். அவளும் இடது கையைத் தூக்கிக் காட்டினாள்.

மிர்பூ நார்த் ஊர் பேக்கரியில் எல்லோரும் இறைச்சி அடைத்த மீட் பையும் காபியுமாக உட்கார்ந்தோம். லியோனியின் போனில் மோர்வெல்காரரின் அழைப்புகள் இரண்டு வந்திருந்தன. "விக்கல, மன்னிச்சுக்குங்க" என்று அனுப்பிவிட்டு என் எதிரே உட்கார்ந்தாள்.

"எண்ணுனியா?"

"எத?"

"நடிக்காத. எத்தன?"

"பதினாலு."

"எனக்குப் பத்துதான்."

"மிச்சம் நாலு?"

"கிளட்ச் விடறதுலயே போச்சு. அப்புறம்தான் எண்ண ஆரம்பிச்சேன்." தக்காளி சாஸை என் மீட் பையின் மேலும் ஊற்றினாள். "திரும்பிப் போகும்போது நீ எனக்கு முன்னால போ. பின்னாலேர்ந்து நீ பாக்கறது முதுகு கூசுது."

"கடைசி வண்டி நான்தானே?"

"ஜனீன்கிட்ட சொல்லிட்டேன். அவ கடைசியா வருவா."

முன்னால் போனேன். கண்ணாடியில் அவள் வருகிறாளா என்று பார்த்துக்கொண்டே போனேன். வளைவில் மறைந்தால் மனம் அடித்துக்கொள்ளும், தெரிந்தால் அடங்கும். முதல் திருப்பத்தில் வலது பக்கம் திரும்பினேன். கண்ணாடியில் அவளும் திரும்பினாள், சரியாக அணைத்தாள். நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

பின்னாலிருந்து நீளமாக ஒரு ஹார்ன். குனிந்து பார்த்தேன். என் இண்டிகேட்டர் இன்னும் மின்னிக்கொண்டிருந்தது.